மலை தெரியிற வளைவு

எங்க அண்ணன் கோதண்டம் பஸ் ட்ரைவர். யுத்த காலத்து ட்ரைவர். பெட்ரோல் கிடைக்காம, பஸ்ஸுக்குப் பின்னால பீப்பா மாதிரி ஒண்ணக் கட்டி, அதுல கட்டைக்கரியப் போட்டு எரிச்சு, அந்த கேஸுல வண்டி ஓட்டினாங்களே, அந்தக் காலம். காலையில வண்டி கிளம்பணும்னா கோழி கூவறதுக்கு முன்னாடி போய்க் கரியப் பத்த வைக்கணும். மூஞ்சியெல்லாம் கரி, சட்டையெல்லாம் கரி. அந்தக் காக்கிச் சட்டையத் தொவைக்கறதுக்குன்னே ஆண்டவன் என்னைப் படைச்சான்னு நினைச்சிகினு இருந்தேன். அண்ணி பிரசவத்துல போயிட்டா. எனக்கும் புருஷன் இல்ல. அதனால அண்ணன் வூட்டுல பொங்கறது, பெருக்கறது, தொவைக்கறது எல்லாம் இந்த ஜெயம்மாள்தான்.

அண்ணன்னா அவரு இவருன்னு சொல்லணும். எனக்கு வாயில வராது. ஒரு வயசு மூத்தவன், சின்னதுல என்கிட்ட அடி வாங்கினவன். அவன், இவன்னுதான் சொல்லுவேன். கேக்க புடிக்கலன்னா கேக்காதீங்க.

ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துல எங்க நைனாவுக்கு கொஞ்சம் மேட்டு நிலம். இவன் ஏர் புடிக்க மாட்டேன்னு மெட்ராஸுக்கு ஓடிப் போயிட்டான். அங்க ஒரு ஷெட்டுல லாரி கழுவி, க்ளீனரா தொங்கிகினு போயி, அடி ஒதை வாங்கி வண்டி கத்துகினான். லைசென்ஸோட திரும்பி வந்தப்ப நைனா அவனைத் திட்டவும் முடியாம, சந்தோஷப்படவும் முடியாம மாட்டுக்குத் தண்ணி காட்டிகினே நின்னாரு. எங்க பக்கத்துலயே முதல் ட்ரைவர் இவன்தான். கல்யாணத்துக்குப் போனா மாப்பிள்ளை வூட்டுக்காரனை வுட்டுட்டு இவனுக்கு முதல்ல நாற்காலி போடுவாங்க. நான் பின்னாலயே போயி பக்கத்துல நின்னுக்குவேன். எனக்கும் அதுல ஒரு திமிரு இருந்துது, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

திருத்தணியில வேதாசலம்னு ஒருத்தர் பஸ் வெச்சிருந்தாரு. திருத்தணியில கிளம்பி ஆர்.கே.பேட்டை வழியா பள்ளிப்பட்டு, திரும்ப அதே வழி. அவர்கிட்டதான் இவன் வேலை செஞ்சான், எங்க வூடும் திருத்தணியிலயேதான். நல்ல முதலாளிதான். அண்ணி செத்தப்ப எல்லாச் செலவும் அவருது. அதை இவன் எப்பவும் சொல்லிகினே இருப்பான்.

அந்த ரூட்டுல ஒரு வழக்கம் உண்டு. ஆர்.கே.பேட்டையில இருந்து திருத்தணிக்கு வரும்போது ஒரு எடத்துல ரோடு வளையும். அதுவரைக்கும் புளியமரம் மறைச்சிகினு இருக்கும். வளைவு திரும்பினதும் மலை தெரியும், மேல கோயில் தெரியும். அங்க வந்ததும் பஸ்ஸுல இருக்கற அத்தனை பேரும் கையெடுத்துக் கும்புடுவாங்க. மடியில இருக்கற கொழந்தையோட கையைக்கூட தாய்க்காரி சேத்துப் புடிச்சு கும்புட வைப்பா. முருகா முருகான்னு வண்டியே முனகும். எங்க அண்ணனும் கும்புடுவான். ஸ்டியரிங்க வுட்டுட்டு, ரெண்டு கையும் சேத்து, தலைக்கு மேல. ஒரு மூச்சு இழுத்து வுடற நேரம்தான். திரும்பக் கை ஸ்டியரிங்குக்கு வந்துரும்.

எங்க பக்கத்துல ஒத்தைக் கையால கும்புட மாட்டாங்க. ஒத்தைக் கையால கும்புட்டா அது சலாம். சாமிக்கு சலாம் போடறவன் கைய வெட்டுன்னு எங்க நைனாவே சொல்லுவாரு. அதனால ட்ரைவர் ரெண்டு கையையும் எடுக்கறாரேன்னு யாரும் பயப்படல. கோதண்டம் வண்டின்னா பயமில்ல, சாமி கும்புடற ட்ரைவரு, அப்பிடித்தான் சொன்னாங்க. நானும் அந்த வண்டியில போயிருக்கேன். நான் கண்ண மூடிக்குவேன், அதனால அவன் கைய நான் பாத்ததில்ல. இத்தனைக்கும் ஊரே அப்பிடித்தான், எல்லாரும் கண்ண மூடிகினாங்க.

நாப்பத்து மூணாம் வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். வண்டி நிறைய ஜனம், மேல காவடி கட்டியிருக்கு. வளைவு திரும்பினதும் மலை தெரிஞ்சுது. ரோட்டோரமா பூவம்மாள்னு ஒரு பொம்பள தலையில தழைக்கட்டு வெச்சிகினு போயிகினு இருந்தா. நாத்தாங்காலுக்குப் போடற பச்சைத் தழை. அவ கூலிக்காரி. தணிகாசலம்னு நிலம் நீச்சு வெச்சிருக்கறவர் வயலுக்குத்தான் அந்தத் தழை போயிகினு இருந்துது. அந்தத் தணிகாசலமும் அன்னிக்கு பஸ்ஸுல முன் சீட்டுலதான் ஒக்காந்திருந்தாரு. வண்டி ஓரத்துல எறங்கி அவளை இடிச்சுது. சக்கரம் காலு மேல ஏறிப் போச்சு.

எங்க அண்ணன்தான் எறங்கி ஓடி அவளைத் தூக்கினான். ஜனங்களை எறக்கி வுட்டுட்டு அதே பஸ்ஸுல அவளைப் போட்டுகினு திருத்தணிக்கு வந்து, ரயிலேத்தி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போனான். சட்டையெல்லாம் ரத்தத்தோட மறுநாள் வந்தான். முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்கன்னு சொல்லி சுவத்துல சாஞ்சு ஒக்காந்துட்டான். அந்த நாள் வரைக்கும் அவன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல.

எப்பிடிண்ணா ஆச்சுன்னு கேட்டேன்.

"அந்தம்மா நடு ரோட்டுல நின்னு மலையப் பாத்து கும்புட்டுகினு இருந்துது. ஹாரன் அடிச்சேன், காதுல வுழல."

நான் நம்பினேன். ஏன் நம்பக் கூடாது. மலை தெரிஞ்சா யார்தான் கும்புட மாட்டாங்க.

போலீஸ்ல கேஸ் போட்டாங்க. ஜாக்கிரதையில்லாம வண்டி ஓட்டி கொடுங்காயம் பண்ணிட்டான்னு. முதலாளி ஜாமீன் எடுத்தாரு, வக்கீல் வெச்சாரு. சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டுல கேஸ் நடந்துது. பஸ்ஸுல வந்தவங்களைக் கூப்பிட்டுக் கேட்டா, ஒருத்தர் விடாம, நாங்க கண்ண மூடி சாமி கும்புட்டுகினு இருந்தோம்னு சொன்னாங்க. அது மெய்தான். தணிகாசலம் மட்டும், நான் பாத்தேன், அந்தப் பொம்பள நடு ரோட்டுல கையெடுத்துகினு நின்னா, ட்ரைவர் மேல தப்பு இல்லன்னு சாட்சி சொன்னாரு. பூவம்மாளை ரெண்டு ஆளு தூக்கிகினு வந்து நிறுத்தினாங்க. அவ இல்லன்னு சொன்னா. அவ ஒருத்தி சொல்லுதானே. கடைசியில மாஜிஸ்திரேட் எங்க அண்ணனைப் பாத்து, நீ இன்னாய்யா சொல்றேன்னு கேட்டாரு. என்கிட்ட சொன்ன அதையே அங்கயும் சொன்னான். சந்தேகத்துக்கு எடம் இருக்குது, வுட்டுட்டேன்னு தீர்ப்பு ஆச்சு.

முதலாளி பஸ்ஸுக்கு முன்னால தேங்கா ஒடைச்சாரு. அண்ணன் மலைக்குப் போயி மொட்டை போட்டுகினான். நான் தெருவெல்லாம் சக்கரைப் பொங்கல் குடுத்தேன். குடுத்தேனே, கடவுளே.

அந்தாண்ட பூவம்மாள் கதை இன்னா ஆச்சுன்னு அப்ப நான் நினைக்கல. ஒரு காலோட வயல்ல எறங்க முடியாது. சரி, களத்துல ஒக்காந்து புடைக்கற வேலை, தூத்தற வேலை செய்யலாமே. தணிகாசலம் அதுக்கும் கூப்பிடல. நடு ரோட்டுல நின்னு கும்புடற புத்தி கெட்டவளை வெச்சிகினு நான் இன்னா பண்றதுன்னு சொல்லிட்டாரு. ஊருக்கு அது போதும். தண்ணிக்குப் போனா சிரிப்பு. அவ புருஷன் ராஜவேலுகூட, வேளை கெட்ட வேளையில பக்தி பொங்கிகினு வந்துச்சே, அதான் இப்ப நான் தனியா சம்பாதிக்கறேன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லுவானாம். கால் போனதுகூட அவளுக்குப் பெரிசில்ல. தன் மேல தப்பு இல்லாதப்ப தப்புக்காரியா ஒக்காந்திருக்கணுமேன்னுதான் அவ வயிறு எரிஞ்சுது.

இங்க எங்க வூட்டுல வேற ஒண்ணு நடந்துது. திரும்ப வண்டி ஏறினதுல இருந்து எங்க அண்ணன் அந்த வளைவுல கும்புடறதே இல்ல. ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சிகினு முன்னாடியே பாப்பானாம். ஜனங்க சும்மா இருப்பாங்களா. இன்னா ட்ரைவரே, விடுதலை ஆனதும் சாமி மறந்துபோச்சான்னு கேப்பாங்களாம். ஒரு நாள் நானே வண்டியில இருந்தேன். அந்த நாள் மட்டும் கண்ண மூடாம அவனைப் பாத்தேன். கழுத்தெல்லாம் வேர்வை. வூட்டுக்கு வந்து, ஏண்ணா, தெய்வ குத்தம் ஆயிடப் போவுதுன்னேன். தட்டைத் தள்ளி வெச்சிட்டு எழுந்து போயிட்டான். கண்ணு பட்டுடுச்சுன்னு உப்பு சுத்திப் போட்டேன் நான். என் புத்தி அவ்ளோதான்.

அப்புறம் முன்சீப் கோர்ட்டுல இருந்து நோட்டீஸ் வந்துது. பூவம்மாள் கேஸ் போட்டுட்டா. முதலாளி மேலயும் இவன் மேலயும். எனக்கு வந்துதே கோவம். விடுதலை ஆனவனை எப்பிடி மறுபடியும் இழுக்கறாங்க, சர்க்காருக்கு வேற வேலை இல்லையான்னு கத்தினேன். முதலாளியோட வக்கீல் வூட்டுக்கு அண்ணன் போனப்ப நானும் கூடவே போயி அவரையே கேட்டேன்.

அவர் சிரிச்சாரு. "இதுல சர்க்கார் இல்லம்மா. முதல்ல நடந்தது சர்க்கார் உங்க அண்ணன் மேல போட்ட கேஸு. ஜெயிலா இல்லையா, அவ்ளோதான் அங்க கேள்வி. ஒருத்தனை ஜெயில்ல போடணும்னா துளிகூட சந்தேகம் இருக்கக் கூடாது. இருந்துது, வுட்டுட்டாங்க. இது அந்தம்மா போடற கேஸு. கால் போச்சு, அதுக்கு யார் பொறுப்பு, நஷ்டத்தை யார் தாங்கறது, இதான் இங்க கேள்வி. இங்க தராசு எந்தப் பக்கம் கொஞ்சம் சாயுதோ அந்தப் பக்கம் தீர்ப்பு. அந்தக் கோர்ட்டு வுட்டதுனால இந்தக் கோர்ட்டு வுடணும்னு கட்டாயம் இல்ல."

"அப்ப இதுல தோத்தா இவனை ஜெயில்ல போடுவாங்களா?"

"போட முடியாது. வுட்ட குத்தத்துக்கு ஒருத்தனைத் திரும்ப விசாரிக்கக் கூடாது. இனிமே உங்க அண்ணனே நான்தான் பண்ணேன்னு நடுத் தெருவுல கத்தினாலும் அந்த ஜெயில் அவனுக்குக் கிடையாது."

எனக்கு உசுரு வந்துது. திரும்பி அண்ணனைப் பாத்தா அவன் மூஞ்சி செத்துப் போயி இருக்கு. நல்ல சேதிதானே, இவனுக்கு இன்னா வந்துதுன்னு எனக்குப் புரியல.

முதலாளி வேதாசலமும் அங்கதான் இருந்தாரு. "கோதண்டம், வேலையாள் வண்டியில பண்ணதுக்கு முதலாளி பொறுப்பு, அதான் சட்டம். நீ வாயத் தொறந்தா உனக்கு ஒண்ணும் இல்ல, என் தலையிலதான் வுழும். அன்னிக்கு சொன்னதையே சொல்லிட்டு எறங்கு" அப்பிடின்னாரு. ஆங், சரிங்கன்னு இவன் தலையாட்டினான். அப்பவும் எனக்கு உறைக்கல.

பூவம்மாள்கிட்ட கோர்ட்டுக் கட்டணம் கட்ட ஒண்ணும் இல்ல. ஏழைன்னு எழுதிக் குடுத்து கட்டணம் இல்லாம கேஸ எடுத்துகினாங்க. அதுக்கே எத்தனையோ வாய்தா. கேஸ் விசாரணைக்கு வந்தப்ப யுத்தமே முடிஞ்சுபோச்சு.

போன தடவை நான் கோர்ட்டுக்குப் போகல. இந்தத் தடவை போனேன். அந்தப் பொம்பள இன்னாதான் சொல்லுவா பாக்கலாம்னு வீறாப்பாத்தான் போனேன். கோர்ட்டு வராந்தாவுல ஜன்னலாண்ட நின்னுகினா உள்ள எல்லாம் கேக்கும். கட்டையை ஊனிகினு பூவம்மாள் வந்தா. மெலிஞ்சு, கருத்து, ஆனா தலை குனியல. கூண்டுல நிக்க முடியலன்னு முன்சீப்பு அவளை ஒக்காரச் சொன்னாரு.

முதலாளி வக்கீல் கேட்டாரு. "மலை தெரிஞ்சதும் நீயும் கும்புடறது வழக்கம்தானேம்மா?"

"ஆங், வழக்கம்தாங்க."

"அன்னிக்கும் நடு ரோட்டுல நின்னு கும்புட்டே."

"தலையில தழைக்கட்டுங்க. பச்சைத் தழை, சரியும். ரெண்டு கையாலயும் கட்டைப் புடிச்சிகினு இருந்தேன். எந்தக் கையால கும்புடறது, நீங்களே சொல்லுங்க."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினாரு. கோர்ட்டுல யாரோ ஒருத்தர் சிரிச்சாரு. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. இதை ஏன் இத்தனை நாளு நாம யாரும் யோசிக்கலன்னு தோணுச்சு. தலையில கட்டு இருந்துதுன்னு எனக்குத் தெரியுமே. ரோட்டு பூரா தழை செதறி இருந்துதுன்னு அவனே சொன்னானே.

அடுத்தது எங்க அண்ணன். கடவுள் சாட்சியா மெய்யச் சொல்றேன்னு சத்தியம் பண்ணிட்டு, முதலாளி வக்கீல் கேட்டதுக்கெல்லாம் சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னான். ஓரமா வந்தேன், ஹாரன் அடிச்சேன், அந்தம்மா நின்னுது. குரல் மட்டும் அவன் குரல் இல்ல.

பூவம்மாளோட வக்கீல் எழுந்தாரு. சாதுவான ஆளு, சத்தமே இல்லாம பேசினாரு.

"நீங்க தெய்வ பக்தி உள்ளவர்னு கேள்வி. மெய்தானா?"

"ஆங்."

"அந்த வளைவுல எல்லாரும் கும்புடுவாங்க. நீங்களும் கும்புடுவீங்களா?"

முதலாளி வக்கீல் எழுந்து ஏதோ சொன்னாரு. முன்சீப்பு, பதில் சொல்லட்டும்னு கை காட்டினாரு.

"கும்புடுவேங்க."

"ஒத்தைக் கையாலயா?"

அவ்ளோதான் கேள்வி. ஒத்தைக் கையாலன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா கேஸு ஜெயிச்சுது. கோர்ட்டு பூரா எங்க பக்கத்து ஜனம். ட்ரைவர் கோதண்டம் சாமிக்கு சலாம் போட்டான்னு சிரிப்பாங்க, அது ஒரு அவமானம். ரெண்டு கைன்னு சொன்னா அது வேற அவமானம். அவன் கூண்டு மேல வெச்சிருந்த ரெண்டு கையையும் பாத்தான். அப்புறம் கீழ ஒக்காந்திருந்த பூவம்மாளைப் பாத்தான்.

"ரெண்டு கையுங்க" அப்பிடின்னான். "ரெண்டு கையும் எடுத்துட்டேங்க. பள்ளத்துல சக்கரம் எறங்கி வண்டி இழுத்துகினு போச்சு. கை திரும்ப வர்றதுக்குள்ள இடிச்சுட்டேங்க. அந்தம்மா ஓரமாத்தான் போயிகினு இருந்தாங்க. கும்புட்டது அவங்க இல்ல. நான்."

முன்சீப்பு பேனாவைக் கீழ வெச்சாரு. "மாஜிஸ்திரேட் கிட்ட வேற மாதிரி சொன்னியே?"

"அங்க குத்தவாளிக்கு சத்தியம் கிடையாதுன்னு எனக்கு வைக்கலீங்க. ஜெயிலுக்கும் பயம்."

சத்தியம் வைக்கலன்னா பொய் சொல்லலாம்னு எங்க நைனா எங்களுக்கு சொல்லித் தரல. நான் ஜன்னலை வுட்டு நகந்துட்டேன். வராந்தாவுல நின்னவங்க எல்லாம் என்னையே பாத்த மாதிரி இருந்துது. அவன் பொய் சொன்னதுகூட இல்ல, தான் செஞ்சதை எடுத்து அந்தப் பொம்பள தலையில வெச்சான் பாருங்க, தழைக்கட்டுக்கு மேல அதையும் வெச்சான், அதுதான் எனக்குத் தாங்கல. முந்தானையால மூஞ்சிய மூடிகினு வூட்டுக்கு நடந்தேன்.

தீர்ப்பு பூவம்மாள் பக்கம் வந்துது. முதலாளியும் ட்ரைவரும் சேந்து நஷ்டஈடு தரணும்னு. எங்ககிட்ட இன்னா இருக்குது, முதலாளிதான் சித்தூர் வரைக்கும், அப்ப எங்களுக்கு ஜில்லா கோர்ட்டு அங்கதான், அப்பீலுக்குப் போயி, அங்கயும் தோத்து கட்டினாரு. எவ்ளோன்னு கேக்காதீங்க. எவ்ளோன்னாலும் அது காலு இல்ல. கூண்டுல அப்பிடி சொன்ன அன்னிக்கே இவனை வேலைய வுட்டு நிறுத்திட்டாரு. அதுல அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல. அதுக்கப்புறம் இவன் ஸ்டியரிங்கத் தொடவே இல்ல. ரயிலடியில மூட்டை தூக்கினான். லைசென்ஸு பொட்டியில கெடந்துது.

முன்சீப்பு தீர்ப்பு சொன்ன மறுநாள் காலையில குளிச்சிட்டு, வெள்ளை வேட்டி கட்டிகினு, ஜெயம்மா, நான் வர நாளாகும்னு சொல்லிட்டுப் போனான். எனக்குத் திக்குன்னு ஆச்சு. பின்னாலயே போனேன். நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். ஹெட் கான்ஸ்டபிள் முன்னாடி நின்னு, நான்தாங்க பண்ணேன், கோர்ட்டுலயே சொல்லிட்டேன், என்னை உள்ள போடுங்கன்னு கேட்டான்.

ஹெட் கான்ஸ்டபிளு வெத்தலையைத் துப்பிட்டு வந்தாரு. "எந்தக் கேஸுல போடறது? அதான் வுட்டாச்சே. வுட்ட கேஸுக்கு திரும்ப புடிக்க சட்டத்துல எடம் இல்லய்யா."

"அன்னிக்கு நான் பொய் சொன்னேங்க."

"சொன்னே. சொல்லி தப்பிச்சிட்டே. போயி பொழைக்கற வழியப் பாரு. இந்தாம்மா, இவனை இட்டுகினு போ."

போக மாட்டேன்னு அங்கயே நின்னான். கான்ஸ்டபிளுங்க சிரிச்சாங்க. ஜெயிலுக்கு பயந்து பொய் சொன்னவன் இப்ப ஜெயிலக் குடுன்னு பிச்சை கேக்கறான், குடுக்க ஆள் இல்ல. கைய புடிச்சி இழுத்துகினு வந்தேன். வூட்டு வாசப்படியில ஒக்காந்து ஓன்னு அழுதான். நான் தேத்தல. எனக்கு மனசு வரல. அழுது முடிக்கட்டும்னு உள்ள போயிட்டேன்.

அப்புறம் நான்தான் சொன்னேன். "ஸ்டேஷனுக்கு போயி இன்னாத்துக்கு? காலு யாருதோ அவளாண்ட போ."

மறுநாள் ரெண்டு பேரும் பூவம்மாள் ஊருக்கு நடந்தோம். பஸ்ஸுல ஏற அவனுக்குக் கூச்சம். அவ குடிசை முன்னாடி ஒக்காந்து கீரை ஆஞ்சிகினு இருந்தா. இவன் போயி நெடுஞ்சாண்கிடையா வுழுந்தான்.

"எழுந்துரு. கால்ல வுழ வந்தியா? பாதிதான் மிச்சம் இருக்குது" அப்பிடின்னா. சிரிக்கல. "இப்ப எதுக்கு வந்தே?"

"மன்னிச்சிரும்மா."

"கோர்ட்டுல சொன்னே, சரி. அங்க இங்கிலீஷ்ல எழுதிகினாங்க. எங்க ஊர்ல இருந்து யாரும் வந்து கேக்கல, யாருக்குய்யா தெரியும்? தீர்ப்பு வந்துதுன்னா, பொட்டப்புள்ளைக்கு நல்ல வக்கீல் கெடைச்சான்றாங்க. என் புருஷனே அப்பிடித்தான் சொல்றான். நடு ரோட்டுல நின்னவள்னு இன்னும் பேரு போகல. நாளைக்குக் காலையில தணிகாசலம் களத்துல கூலி ஆளுங்க கூடுவாங்க. அங்க வந்து சொல்லு. நான் கும்புடலன்னு சொல்லு. எனக்கு அது போதும்."

வரேன்னான்.

மறுநாள் அங்க நல்ல கூட்டம். வேலைக்கு ஆள் பிரிச்சி வுடற நேரம். தணிகாசலம் கயித்துக் கட்டில்ல ஒக்காந்திருந்தாரு, அவர் பொண்சாதி கோவிந்தம்மாள் வாசப்படியாண்ட நின்னுது. பூவம்மாள் கட்டையை ஊனிகினு ஒரு ஓரமா நின்னா. ராஜவேலுவும் இருந்தான். எங்க அண்ணன் நடுவுல போயி நின்னு, எல்லாத்தையும் சொன்னான். மலை தெரிஞ்சுது, நான்தான் ரெண்டு கையும் எடுத்து கும்புட்டேன், அந்தம்மா கும்புடல, ஓரமாத்தான் போனாங்க, பொய் சொன்னது நான். ஒண்ணையும் மறைக்கல. என் அண்ணன் முதுகுக்குப் பின்னால நின்னுகினு எனக்கு பூமி பொளந்தா தேவலன்னு இருந்துது. ஆனா சொல்லி முடிச்சதும் ஒரு நிம்மதி. இனிமே இந்தப் பொம்பளையப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு.

அப்புறம் ஒரு வயசானவர் ரெண்டு கையையும் சேத்து மலை இருக்கற திசையப் பாத்து கும்புட்டாரு. "சாமியக் கும்புட்டுகினு இருந்தவனப் போயி நாம இன்னா சொல்றது" அப்பிடின்னாரு.

தணிகாசலம் எழுந்தாரு. பொய் சாட்சி சொன்ன ஆளு, கொஞ்சமாவது முழிப்பாருன்னு பாத்தா ஒண்ணும் இல்ல. எங்க அண்ணன் தோள்ல கைய வெச்சாரு. "நானும்தான் பக்கத்துல இருந்தேனே. ஒரு நிமிஷம் மெய்மறந்துட்டான். அவ்ளோ பக்தி. அதுக்காக வேலைய வுட்டு, கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சு, இப்ப இங்க வந்து எல்லாருக்கும் முன்னாடி நிக்கறானே, இதுக்கு மேல ஒரு மனுஷன் இன்னா பண்ணணும். போவட்டும், அவ நேரம்." கூட்டம் ஆமாங்கன்னுது. ஒருத்தன், நல்ல மனசுய்யா உனக்குன்னு எங்க அண்ணன்கிட்ட சொன்னான். சொன்னவன் வேற யாரும் இல்ல, ராஜவேலு.

பூவம்மாள் பக்கம் ஒருத்தரும் திரும்பல. அவளா கட்டையை ஊனிகினு முன்னால வந்தா.

"நான் கும்புட்டேன்னு நினைச்சப்ப புத்தி கெட்டவள்னீங்க. இவன் கும்புட்டான்னு தெரிஞ்சதும் பக்திமான்றீங்க."

வேலைக்கு நேரம் ஆச்சுன்னு தணிகாசலம் ஆளு பிரிக்க ஆரம்பிச்சாரு. அவ பேரை அன்னிக்கும் கூப்பிடல.

எங்க அண்ணன் அங்கயே நின்னான். வெயில் ஏறிடுச்சு, காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. கோவிந்தம்மாள் ஒரு சொம்பு மோரு கொண்டாந்து, சாப்பிடுங்க நைனான்னு மரியாதையா அவன் கையில குடுத்துது. வேணாம்னு சொல்லுவான்னு பாத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிச்சான். பூவம்மாள் பாத்துகினு இருந்தா. குடிச்சு முடிக்கற வரைக்கும் பாத்துட்டு, அப்புறம் வூட்டுக்குப் போனா.